தணிக்க வேண்டியது எந்தச் செல்லை?

பெருமூளை வாதம் வந்த ஒரு குழந்தையின் தாயிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "பிறந்ததும் அழவில்லை." அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. பிரசவ நேரத்தில் மூச்சு கிடைக்காமல் மூளை கெடுவது உண்டு. ஆனால் பல குழந்தைகளுக்குச் சேதம் அதற்கு முன்பே, வயிற்றுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பனிக்குட நீரிலும் கருப்பைச் சவ்வுகளிலும் கிருமித் தொற்று ஏறுகிறது. தாயின் உடல் அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தின் வேதிச் செய்திகள் சிசுவின் மூளை வரை போகின்றன. கிருமி மூளைக்குள் நுழைய வேண்டும் என்பதுகூட இல்லை. அழற்சி பரவினால் போதும். குழந்தை பிறந்து, தொப்புள்கொடி வெட்டப்பட்டு, தொற்றும் தணிந்த பின்னரும் மூளைக்குள் அழற்சி அடங்குவதில்லை. நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கிறது. சேதம் ஒரு கணத்தில் நடந்து முடிந்துவிடுவதில்லை என்பது துயரமான செய்தி என்றாலும், இடைமறிக்க அவகாசம் இருக்கிறது என்பதும் அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. இன்றைய உரை அந்த அவகாசத்தைப் பற்றியது.

நான் நிறுவ முயல்வது ஒன்றே ஒன்று. மூளையின் அழற்சியைத் தணிக்க மருத்துவம் எடுத்த முயற்சிகள் திரும்பத் திரும்பத் தோற்றிருக்கின்றன. நல்ல மருந்து கைவசம் இல்லாதது அதற்கு முதன்மைக் காரணம் அல்ல. கொடுத்த மருந்து நோயுற்ற செல், நலமான செல் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தொட்டதும், தொட வேண்டிய செல்லுக்குப் போதிய அளவில் போய்ச் சேராததுமே பெரிய காரணம். நானோ துகள்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவற்றின் சிறிய உருவத்தையே வியக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய வியப்பு இல்லை. சாதாரண மருந்து மூலக்கூறு அதைவிடச் சிறியது. அழற்சியுற்ற செல் தானாகவே அந்தத் துகளை விழுங்குகிறது, பக்கத்திலுள்ள நலமான செல் அதைத் தொடுவதில்லை என்பதே இங்கே பெரிய விஷயம்.

அந்தச் செல்லை முதலில் பார்த்துவிடுவோம். மூளை என்றதும் நாம் நரம்புச் செல்களை நினைக்கிறோம். அவற்றுக்கிடையே மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் பரவிக் கிடக்கின்றன. ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்தேகா 1919இல் வெள்ளிச் சாயத்தால் அவற்றைத் தனியே பிரித்துக் காட்டிப் பெயரும் வைத்தார். நெடுங்காலம் அவை ஏதாவது நடக்கும்வரை ஓய்ந்து கிடப்பவை என்றே கருதப்பட்டன. 2005இல் உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தபோது வேறு காட்சி தெரிந்தது. மெல்லிய கிளைகளை நீட்டியும் சுருக்கியும் அவை ஓயாமல் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஆபத்து வந்தால் கிளைகள் தடித்துக் குறுகுகின்றன, உடல் உருண்டு பெருக்கிறது, அமீபா போல ஆகிவிடுகிறது. அப்போது அது இறந்த செல்களை விழுங்கும். கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் நச்சுகளையும் அழற்சிப் புரதங்களையும் கொட்டும். கொட்டிய நச்சுக்குக் கிருமி எது, நரம்புச் செல் எது என்று தெரியாது. வளரும் மூளையில் நரம்பிழைகளுக்கு உறை போடும் இளஞ்செல்கள்தான் அதில் முதலில் மடிகின்றன. பெருமூளை வாதத்தில் கால்கள் விறைப்பதற்கு அந்த உறை இழப்பு ஒரு முக்கிய காரணம்.

அப்படியானால் மைக்ரோகிளியாவை அடக்கிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். அங்கேதான் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. தலையில் அடிபட்டவர்களுக்கு அழற்சியைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. அது பயனுள்ளதா என்று கண்டறிய நடந்த 'கிராஷ்' ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. 10,008 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9 விழுக்காடு. நல்லது என்று நம்பிக் கொடுத்த மருந்து உயிர்களைப் பறித்திருந்தது. அடுத்து மினோசைக்ளின். மைக்ரோகிளியாவை அமைதிப்படுத்தும் என்று எலிகளில் புகழ்பெற்ற பழைய ஆண்டிபயாட்டிக் இது. இயக்க நரம்புச் செல்கள் மடியும் ஏ.எல்.எஸ். நோயில் 412 பேருக்கு நடந்த சோதனையின் முடிவு 2007இல் வெளியானது. மருந்து பெற்றவர்கள் மற்றவர்களைவிட வேகமாக நலிந்தார்கள். அழற்சி என்பது உடலின் பிழை அன்று, அது ஒரு வேலை. ஓரிடத்தில் அளவு மீறியதற்காக எல்லா இடத்திலும் நிறுத்தினால் தொற்றும் வரும், ஆறவேண்டிய புண்ணும் ஆறாது. நாலு செடியில் பூச்சி விழுந்ததற்காக வயல் முழுக்க மருந்தடித்து, தேனீயையும் மண்புழுவையும் சேர்த்துக் கொல்லும் வேளாண்மைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

இன்னொரு தடையும் உண்டு. 1885இல் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் செலுத்தினார். உறுப்புகள் எல்லாம் நிறமேறின, மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை நேரே மூளை நீரில் செலுத்தினார்; இப்போது மூளை நிறமேறியது, உடல் ஏறவில்லை. நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது என்பது இப்படித்தான் தெளிவாயிற்று. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பொருந்தியிருப்பதுதான் அந்தத் தடுப்பு. சிறு மூலக்கூறு மருந்துகளிலேயே 98 விழுக்காட்டுக்கு மேல் அதைத் தாண்டுவதில்லை என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தாண்டவைக்க வேண்டுமானால் அளவைக் கூட்ட வேண்டும். கூட்டினால் கல்லீரலும் சிறுநீரகமும் அடிவாங்கும்.

இந்தப் பின்னணியில்தான் 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் 'சயன்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின்' இதழில் வந்த ஒரு கட்டுரை எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழந்தைகள் தீவிர சிகிச்சை மருத்துவர் சுஜாதா கண்ணனும் வேதிப் பொறியியலாளர் கண்ணன் ரங்கராமானுஜமும் சக ஆய்வாளர்களும் செய்த வேலை அது. அவர்கள் எடுத்த மருந்து புதிது அன்று. என்-அசிட்டைல்சிஸ்டீன். கெட்டிச் சளியை இளக்கவும், பாராசிட்டமால் அளவுமீறி விழுங்கியவரின் கல்லீரலைக் காக்கவும் உலகெங்கும் பயன்படுவது. விலை குறைவு, குணம் தெரிந்தது. செல்லுக்குள் குளூட்டாதயோன் என்ற நச்சுமுறிப் பொருளை அது பெருக்குகிறது. தனியாகக் கொடுத்தால் இரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்டு வீணாகும்; மூளைக்குக் கிடைப்பது சொற்பம். அதை அவர்கள் டென்ட்ரைமர் என்ற துகளில் கோத்தார்கள். நடுவிலிருந்து கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு உருண்டையாக வளரும் மூலக்கூறு இது. டொனால்ட் டோமாலியா 1980களில் டவ் நிறுவனத்தில் உருவாக்கியது. குறுக்களவு ஏறக்குறைய 4 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் இரண்டரை லட்சம் துகள்களை வரிசையாக வைக்கலாம். மருந்தைத் துகளோடு பிணைத்த கண்ணி கந்தக அணு இரண்டு சேர்ந்தது. குளூட்டாதயோன் நிறைந்த இடத்தில் அது அறுபடும். இரத்தத்தில் அந்தப் பொருள் மிகக் குறைவு, செல்லுக்குள்ளோ பல மடங்கு அதிகம். எனவே வழியில் கொட்டாமல் போய்ச் சேர்ந்த பிறகே மருந்து விடுபடுகிறது.

சோதனைக்கு அவர்கள் எலியை எடுக்கவில்லை, முயலை எடுத்தார்கள். இந்தத் தேர்வு சின்ன விஷயம் அல்ல. மனிதக் குழந்தையைப் போலவே முயல்குட்டியின் மூளையும் பிறப்பை ஒட்டிய நாட்களில்தான் வேகமாக முதிர்கிறது. முயலின் சினைக்காலம் 31 நாள். 28ஆம் நாளில் தாயின் கருப்பைச் சுவரில் பாக்டீரியா நச்சைச் செலுத்தினார்கள். உயிருள்ள கிருமி இல்லை, நச்சு மட்டும். அதன்பின் பிறந்த குட்டிகளைப் பார்த்தாலே நோய் தெரியும்: கால்கள் விறைத்திருக்கும், எழ முயன்றால் பக்கவாட்டில் சரியும், நாலு அடி நகர்வதற்குள் உடலை இழுத்துக்கொண்டு தவிக்கும். பிறந்து 6 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஒரே ஒருமுறை டென்ட்ரைமர் மருந்து கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் அந்தக் குட்டிகள் நலமான குட்டிகளை நெருங்கும் அளவுக்கு நடந்தன, தாவின. நரம்புச் செல்களின் எண்ணிக்கையும் உறையும் மேம்பட்டிருந்தன. துகள் இல்லாமல் அதே மருந்தைப் பத்து மடங்கு கொடுத்தும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்த முடிவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய படம் ஒன்றும் உண்டு. துகளில் ஒளிரும் சாயம் ஏற்றி மூளையை அறுத்துப் பார்த்தபோது, நோயுற்ற குட்டிகளில் அது உருண்டு தடித்த மைக்ரோகிளியாவுக்குள்ளும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களுக்குள்ளும் நிறைந்து ஒளிர்ந்தது. நலமான குட்டியின் மூளையில் அந்த ஒளி ஏறக்குறைய இல்லவே இல்லை. துகளில் செல்லைத் தேடும் எதிர்ப்புரதம் எதையும் ஒட்டவில்லை. நோயுற்ற மூளையில் தடுப்புச் சுவர் கசிகிறது; வெறிபிடித்த மைக்ரோகிளியா அகப்பட்டதையெல்லாம் விழுங்குகிறது. நோயின் இந்த இரண்டு குணங்களே மருந்துக்கு வழிகாட்டிவிடுகின்றன.

முயலில் பலித்தது மனிதரில் பலிக்குமா? மிக வலுவான மறுப்பு இதுதான். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மூளையைக் காப்பதாகச் சொல்லி ஆய்வகங்களில் சோதிக்கப்பட்ட பக்கவாதச் சிகிச்சைகளை 2006இல் ஒரு குழு எண்ணியது: 1,026. அவற்றில் நரம்புச் செல்லைக் காக்கும் மருந்தாக நோயாளியின் படுக்கை வரை வந்து உலகெங்கும் நிலைத்தது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை எனலாம். என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்தும் நம் கதையின் மருந்தைப் போலவே ஆக்சிஜன் நச்சை முறிப்பதுதான். 2006இல் முதல் பெரிய சோதனை நம்பிக்கை தந்தது. அடுத்த ஆண்டு வந்த அதைவிடப் பெரிய சோதனை அந்த நம்பிக்கையை முற்றிலும் உடைத்தது. இந்தப் பட்டியலில் டென்ட்ரைமர் 1,027ஆவதாகச் சேராது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் அந்தப் பழைய மருந்துகளில் பலவற்றுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அவை மூளையின் எந்தச் செல்லுக்குள் எவ்வளவு போயின என்பதை யாரும் நேரில் காட்டவில்லை; தோற்றபோது கருத்து தவறா, மருந்து சேராததா என்றே பிரித்தறிய முடியவில்லை. இங்கே மருந்து போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது. அதே டென்ட்ரைமரில் கதிரியக்க ஃபுளோரின் ஏற்றி, பெட் ஸ்கேனில் அழற்சி எங்கே என்று பார்க்கும் முயற்சி மனிதரிலும் தொடங்கியிருக்கிறது. யாருக்கு மருந்து சேரும் என்பதை முதலில் அறிந்து, அவர்களுக்கே கொடுத்துப் பார்க்கும் சோதனை தோற்றால், அந்தத் தோல்வியிலிருந்தும் திட்டவட்டமாக ஒன்றைக் கற்கலாம்.

மனிதரில் கிடைத்த முதல் அறிகுறி, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கொரோனா தீவிரமானவர்களின் உடலில் அழற்சி கட்டுமீறி ஓடியபோது இதே கூட்டு மருந்தை, ஓ.பி-101 என்ற பெயரில், 24 பேரிடம் சோதித்தார்கள். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாத முறை. முடிவு 2022இல் வெளியானது. 60 நாள் முடிவில் வெற்று மருந்து பெற்ற 7 பேரில் 3 பேர் உயிரோடு இருந்தார்கள், ஓ.பி-101 பெற்ற 17 பேரில் 14 பேர். கூடுதல் அளவுகள் பெற்றவர்களின் இரத்தத்தில் நரம்புச் சேதத்தைக் காட்டும் புரதங்களும் குறைந்திருந்தன. எல்லோருக்கும் ஸ்டீராய்டு உள்ளிட்ட வழக்கமான சிகிச்சையும் கிடைத்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதற்கு மேல் கிடைத்த பலன் இது. ஆனால் 24 பேர் என்பது கைவிரலில் எண்ணக்கூடிய கூட்டம். ஒருவர் இருவர் இடம் மாறியிருந்தால் கணக்கே மாறிவிடும். மேலும் நரம்புச் சேதம் குறைந்தது, துகள் மூளைக்குள் போனதாலா, உடலில் அழற்சி தணிந்ததால் மூளையும் தப்பியதா என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பெரிய சோதனை செய்யத் தகுந்தது என்பதற்கு இது சான்று. சிகிச்சையாக அறிவிப்பதற்குச் சான்று ஆகாது. இரண்டையும் குழப்பிச் செய்தி எழுதுவோர் நோயாளிகளின் பெற்றோருக்குத் தீங்கு செய்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

நானோ துகளே நஞ்சாகாதா என்ற கேள்வி நியாயமானது. நானோ என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் நிற்பதால், ஒரே விடை சொல்வது தவறு. டென்ட்ரைமர்களிலேயே முனைகளில் அமைன் குழுக்கள் உள்ளவை செல் சவ்வைக் கிழிக்கும். முயலில் பயன்பட்டவை ஹைட்ராக்சில் முனைகள் கொண்டவை, சவ்வைச் சிதைப்பதில்லை, சிறுநீரகம் வழியே வெளியேறுகின்றன. சீரியம் ஆக்சைடு துகள் வேறு வகை. தென்கொரிய ஆய்வாளர்கள் 2012இல் எலிகளின் பக்கவாதச் சேதத்தை அதைக் கொண்டு குறைத்துக் காட்டினார்கள். ஆக்சிஜன் நச்சைத் திரும்பத் திரும்ப முறிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் அது உலோக ஆக்சைடு. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடும். எண்பது வயதுக்காரருக்கு ஒருமுறை கொடுப்பதை வேறு கணக்கில் பார்க்கலாம், பிறந்த குழந்தையின் உடலில் வாழ்நாள் முழுக்கத் தங்கவிடுவதை அந்தக் கணக்கில் பார்க்கக் கூடாது. கரைந்து வெளியேறுவது நிரூபணமாகாத எந்தத் துகளையும் பச்சிளம் குழந்தைக்குச் செலுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதைவிட ஆழமான மறுப்பு உயிரியல் தெரிந்தவர்களிடமிருந்து வருகிறது. வளரும் மூளையில் தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கத்தரித்துச் செம்மை செய்வதே மைக்ரோகிளியாதான். குழந்தையின் மூளையில் அதைத் தணிப்பது அந்த வேலையைக் கெடுக்காதா? தூண்டப்பட்ட மைக்ரோகிளியா எல்லாமே கெடுப்பவையும் அல்ல. சில, குப்பை அகற்றிப் புண்ணை ஆற்றுகின்றன. இரண்டு வகையுமே துகளை விழுங்கும். நான் இதற்குத் தரக்கூடிய விடை பாதிதான். இங்கே கொடுக்கப்படும் மருந்து செல்லைக் கொல்வதில்லை, அதன் விழுங்கும் வேலையை நிறுத்துவதும் இல்லை. அது கொட்டும் ஆக்சிஜன் நச்சைக் குறைத்துப் பழைய நிலைக்குத் திரும்ப உதவுகிறது. அதுவும் ஓரிரு முறை மட்டும். மாதக்கணக்கில் மைக்ரோகிளியாவை ஒடுக்கும் மருந்துக்கும் இதற்கும் தூரம் அதிகம். மீதிப் பாதிக்கு விடை, வளர்ந்த குழந்தைகளைக் கவனித்தால்தான் கிடைக்கும். அதோடு இந்த முறைக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. தடுப்புச் சுவர் கசிந்த இடத்தில்தான் இந்தத் துகள் நுழைகிறது. சுவர் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும்போதே மெல்லப் பரவும் நோய்களில், அல்சைமர் நோயின் தொடக்கம் போன்றவற்றில், இதே பலனை எதிர்பார்ப்பது மிகை.

மூளைக்குள் நுழையாமலே மூளையைக் காக்கும் வழியும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அடிபட்ட மூளைக்குள் இருப்பவை மைக்ரோகிளியா மட்டும் அல்ல. இரத்தத்திலிருந்து மோனோசைட் செல்களும் கூட்டமாகப் புகுந்து அழற்சியைப் பெருக்குகின்றன. 2014இல் ஒரு குழு, கரையும் தையல் நூல் செய்யும் அதே பாலிமரால், மருந்தே இல்லாத வெறும் துகள்களைச் செய்து எலிகளின் இரத்தத்தில் செலுத்தியது. ஏறக்குறைய 500 நானோமீட்டர் அளவு, மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம். மோனோசைட்கள் அவற்றைக் குப்பை என்று விழுங்கிவிட்டு, மூளைக்குப் போகாமல் மண்ணீரலுக்குப் போய் மடிந்தன. வெஸ்ட் நைல் வைரஸ் மூளைக்காய்ச்சலில் சாக வேண்டிய எலிகளில் பல பிழைத்தன. நோயில் பங்குகொள்ளும் செல் எது என்று தெரிந்து, அதன் பழக்கத்தையே பயன்படுத்துவதுதான் இங்கேயும் நடக்கிறது.

கடைசியாக, இது பணக்கார நாட்டு ஆராய்ச்சி, நமக்கு எதற்கு என்ற குரல். நான் நேர் எதிராக நினைக்கிறேன். மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தையின் உடலை 72 மணி நேரம் 33 முதல் 34 டிகிரி வரை குளிர்விப்பது மேலை நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. அங்கே அது உயிர் காக்கிறது. அதை இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த 'ஹீலிக்ஸ்' ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. சென்னையும் அதில் பங்கேற்றது. குளிர்வித்த குழந்தைகளில் 42 விழுக்காடு இறந்தன, குளிர்விக்காதவற்றில் 31 விழுக்காடு. ஏன் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நம் குழந்தைகளில் பலருக்குச் சேதம் பிரசவத்துக்கு நெடுமுன்பே தொடங்கியிருக்கலாம், தாயின் ஊட்டமும் தொற்றும் வேறாக இருக்கலாம் என்கிறார்கள். அது உண்மையானால், பிரசவ நேர மூச்சுத்திணறலைவிட நெடுநாள் அழற்சியே இங்கே பெரிய எதிரி. அழற்சியுற்ற செல்லைத் தேடிப் போகும் மருந்து தேவைப்படுவதும் இங்கேதான். அதே ஆய்வு இன்னொன்றையும் கற்பிக்கிறது. வேறெங்கோ நிரூபித்துவிட்டு இங்கே இறக்குமதி செய்தால் போதாது. டென்ட்ரைமர் மருந்து பச்சிளம் குழந்தைகளிடம் சோதிக்கப்படும் நாள் வரும்போது, சென்னையின் எழும்பூரிலும் மதுரையிலும் உள்ள அரசு வார்டுகள் முதல் சுற்றிலேயே இடம்பெற வேண்டும்; தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, பனிக்குடம் எப்போது உடைந்தது என்ற விவரங்களைப் பிரசவ அறையிலேயே பதிவு செய்ய வேண்டும். அளவிட வேண்டியது ஐந்தாம் நாள் நிலவரத்தை அல்ல. பதினெட்டு மாதம் கழித்து அந்தக் குழந்தை தானாக உட்காருகிறதா, சுவரைப் பிடித்து எழுகிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்று வீடு தேடிப் போய்ப் பார்த்து எழுதும் செவிலியரின் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் சோதனையின் செலவுத் திட்டத்தில் முதல் நாளே இருக்க வேண்டும்.